ஆறு தந்தி பேஞ்சோ: கிட்டார்காரர் தொடலாமா?



இந்த மாசம் நம்ம ஸ்கூல் சைக்கிள் ஸ்டாண்டுல நடக்கிற பெரிய சண்டை எதைப் பற்றின்னு உங்களுக்கே தெரியும். கிரிக்கெட் இல்லை, சினிமா இல்லை. பேஞ்சோ! ஆண்டு விழாவில் ‘வாத்திய இசை’ப் பிரிவுக்குப் பேர் கொடுக்க, பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருத்தர் ஆறு தந்தி பேஞ்சோவைக் கொண்டு வந்தார். அவர் நாலு வருஷமா கிட்டார் வாசிக்கிறவர். உடனே இரண்டு கட்சி உருவாயிடுச்சு.

முதல் கட்சி சொல்வது: “இது கிட்டாரும் இல்லை, பேஞ்சோவும் இல்லை. கிட்டார் தெரிஞ்சவங்க புதுசா எதுவும் கத்துக்காம, புது வாத்தியம் வாசிக்கிற மாதிரி காட்டிக்கிற டூப்ளிகேட் வேலை. பட்டியலில் சேர்க்கக் கூடாது.”

இரண்டாவது கட்சி சொல்வது: “பாட்டு நல்லா இருந்தா போதும். எதுல வாசிச்சா என்ன?”

நானும் கிட்டார் வாசிக்கிறவன். அந்த அண்ணன் பெருந்தன்மையா கொடுத்ததால நாலு வாரம் அந்தப் பேஞ்சோவை என் கையிலும் வெச்சுப் பார்த்தேன். அந்த உரிமையில் என் கருத்தைச் சொல்றேன். இரண்டு கட்சியும் பாதிதான் சரி! ஏன்னு கேளுங்க.

இது என்ன வாத்தியம்?

பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். கஞ்சிராவைக் கொஞ்சம் பெரிசாக்கி, அதுக்குக் கிட்டாரின் கழுத்தைப் பொருத்தினா எப்படி இருக்கும்? அதுதான் ஆறு தந்தி பேஞ்சோ. வட்டமான சட்டம், மேலே இழுத்துக் கட்டின தோல், சுற்றிலும் அதை முறுக்குகிற கொக்கிகள். கழுத்தும் தந்தியும் மட்டும் கிட்டார் மாதிரி. சுருதி சேர்ப்பதும் கிட்டார் மாதிரியே: தடித்த தந்தியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. அதனால கிட்டாரில் தெரிஞ்ச எல்லாக் கார்டும் இதுல அப்படியே விழும்.

ஆனா அமெரிக்க நாட்டுப்புற இசையில் நாம கேட்கிற பேஞ்சோ பெரும்பாலும் ஐந்து தந்தி. அதுல ஐந்தாவது தந்தி குட்டையா, பாதிக் கழுத்துலயே முடிஞ்சிடும். குட்டையா இருந்தாலும் அதுக்குத்தான் உச்சமான ஒலி! கட்டை விரல் அதைத் தொட்டுக்கிட்டே இருக்கும், நம்ம தம்பூரா மாதிரி விடாம ஒரு ஸ்வரம் கூடவே வரும். அதன் வழக்கமான சுருதி ஜி, டி, ஜி, பி, டி. கவனிச்சீங்களா? நடுவில் இருக்கிற டி, ஜி, பி மூன்றும் கிட்டாரிலும் அதேதான். ஆக, ஐந்து தந்திக்குப் போனாலும் கிட்டார்காரர் முழு அந்நியர் இல்லை. அரை சொந்தக்காரர்!

பேஞ்சோ யாருடைய சொத்து?

“அசல் பேஞ்சோ” என்று பேசுகிற நண்பர்களிடம் ஒரு கேள்வி: எது அசல்?

பேஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட மக்கள் கையில் எதையும் கொண்டு போக முடியலை. மனசுல இருந்ததைக் கொண்டு போனாங்க. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையைக் குடைஞ்சு, தோல் போர்த்தி, குச்சி செருகி, தந்தி கட்டி வாசிச்சாங்க. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1687-ல் ஜமைக்கா போனவர், இந்த மாதிரி வாத்தியங்களைப் பார்த்து எழுதி, படத்தோடு 1707-ல் புத்தகமா வெளியிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா, செனகல் பக்கத்து ஜோலா மக்களிடம் ‘அகோன்டிங்’ என்ற வாத்தியம் இருக்கு. அதுலயும் குட்டைத் தந்தி உண்டு!

பிறகு அதில் ஐரோப்பிய வாத்தியங்களின் தட்டையான கழுத்து சேர்ந்தது, மெட்டுகள் சேர்ந்தன, இரும்புத் தந்தி சேர்ந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடன இசைக்குழுக்கள் பெருகினப்போ நாலு தந்தி ‘டெனர்’ பேஞ்சோ பரவியது. அதன் சுருதி வயலின், மேண்டலின் குடும்பத்து முறையில். ஏன் தெரியுமா? அந்த வாத்தியங்களில் கை பழகினவங்க சுலபமா மாறி வரத்தான்! மேண்டலின் கைக்கு நாலு தந்தி என்றால், கிட்டார் கைக்கு ஆறு தந்தி. அவ்வளவுதான் கணக்கு. ஒரு வாத்தியக்காரர் இன்னொரு வாத்தியத்துக்கு மாறிப் போவது பேஞ்சோ சரித்திரத்தில் திருட்டு இல்லை. அதுதான் சரித்திரமே!

குறுக்கு வழின்னு சொல்லலாமா?

அந்தக் காலத்தில் மைக் வசதி குறைவு. டிரம்பெட், டிராம்போன் முழங்கும்போது கிட்டார் சத்தம் காதுக்கே எட்டாது. பேஞ்சோவோ அறையைத் துளைச்சுக்கிட்டுப் போகும். 1925-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் புகழ்பெற்ற ‘ஹாட் ஃபைவ்’ குழுவோடு சிகாகோவில் பதிவு செய்தப்போ, ஜானி செயின்ட் சிர் வாசிச்சது ஆறு தந்தி பேஞ்சோ. ஜாஸ் சரித்திரத்தின் அஸ்திவாரத்தில் அந்த ‘டூப்ளிகேட்’ வாத்தியம் இருக்குங்க!

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற பெயரைக் கிட்டார் கத்துக்கிற எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். 1910-ல் பெல்ஜியத்தில் நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் பையனா பாரிஸ் நடன அரங்குகளில் அவர் வாசிச்சது ஆறு தந்தி பேஞ்சோ. 1928-ல் அவர் இருந்த வண்டியில் தீப்பிடிச்சு இடது கையில் இரண்டு விரல் முடங்கிப் போச்சு. மிச்ச விரல்களை வெச்சுக்கிட்டு, கிட்டாரில் யாரும் போகாத வேகத்துக்குப் போனார். இவர் பேஞ்சோவிலிருந்து கிட்டாருக்கு வந்தவர். வழி இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கு!

இன்னும் கொஞ்சம் பக்கத்துக் காலம். நீல் யங் 1972-ல் வெளியிட்ட ‘ஹார்வெஸ்ட்’ இசைத்தட்டில் ‘ஓல்ட் மேன்’ என்ற பாட்டு. அதுல ஆறு தந்தி பேஞ்சோ வாசிச்சவர் ஜேம்ஸ் டெய்லர், முழுக்க முழுக்க கிட்டார்காரர். ‘இவர் கிட்டார் கைதானே’ என்று அந்தப் பாட்டை யாரும் ஒதுக்கலை.

ஆகவே முதல் கட்சி நண்பர்களே, கை எங்கேயிருந்து வந்தது என்பதை வெச்சு ஒரு வாத்தியக்காரரைத் தள்ளி வைக்காதீங்க.

இரண்டாவது கட்சிக்கும் சேதி இருக்கு

“அப்போ கிட்டார் தெரிஞ்சா போதும், பேஞ்சோ வந்திடும்!” என்று கைதட்ட வேண்டாம். இனிமேதான் விஷயமே இருக்கு.

கிட்டாரின் மேல்பலகை மரம். விறைப்பா இருக்கும். தந்தியின் சக்தியை மெல்ல மெல்ல வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும். அதனால ஒரு கார்டை மீட்டிட்டு விட்டா ஒலி நின்னு கரையும். பேஞ்சோவின் தோல் மெல்லியது, லேசானது. தந்தி அசைஞ்ச உடனே தானும் துள்ளி, சக்தி முழுசையும் ஒரே மூச்சில் கொட்டிடும். சத்தம் பெரிசு, ஆயுசு குறைவு. கிட்டார், சம்பளத்தை மாசக் கடைசி வரைக்கும் நிதானமா செலவு பண்றவர். பேஞ்சோ, ஒண்ணாம் தேதியே மொத்தமும் காலி பண்றவர்!

இதனால கிட்டார் கை நாலு இடத்தில் தடுமாறும்.

ஒண்ணு: ஆறு தந்தியையும் சேர்த்து வாரி அடிக்கிற பழக்கம். கிட்டாரில் அது நிறைவா கேட்கும். பேஞ்சோவில் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி ஆயிடும். முக்கியமா தடித்த இரண்டு தந்தியும் ‘டொம் டொம்’னு குழம்பும். மேல் தந்திகளில் இரண்டு மூணு ஸ்வரம் போதும். தடித்த தந்திகளைக் கட்டை விரலால் அளவாத் தொட்டு, உள்ளங்கை ஓரத்தால் உடனே அடக்கணும்.

இரண்டு: காத்திருக்கிற பழக்கம். கிட்டாரில் ஒரு கார்டை அடிச்சுட்டு அடுத்த வரி பாடற வரைக்கும் சும்மா இருக்கலாம். பேஞ்சோவில் அதுக்குள்ள ஒலி செத்துப் போயிருக்கும். கார்டை உடைச்சு, விரல் விரலா, ஒரு ஸ்வரம் முடியறதுக்குள்ள அடுத்த ஸ்வரம்னு சங்கிலி போடணும். ஐந்து தந்தி பேஞ்சோவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் (1924-2012) மூணு விரலால் மழை மாதிரி பொழிஞ்சதுக்கு அடிப்படைக் காரணம் இந்த வாத்தியத்தின் சுபாவம்தான். ஆனா ஒண்ணு, அந்த ஓசை அப்படியே வேணும்னா குட்டைத் தந்தி வேணும். ஆறு தந்தியில் அது கிடையாது. அந்த இசைமேல ஆசைப்படறவங்க ஐந்து தந்தியைத்தான் கத்துக்கணும். ஆறு தந்திக்காரர் அதை ஒத்துக்கிட்டா கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

மூணு: அழுத்திப் பிடிக்கிற பழக்கம். பேஞ்சோவுக்கு மெல்லிய தந்தி. கிட்டார் மாதிரி இறுக்கிப் பிடிச்சா சுருதி ஏறிப் போகும். எல்லாம் சரியா சேர்த்தும் ஏன் கார்டு புளிக்குதுன்னு புரியாம வாத்தியத்தைத் திட்டுவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்ன கதை! இலேசாத் தொட்டா போதும்.

நாலு: குதிரை. கிட்டாரில் குதிரை ஒட்டியே இருக்கும். பேஞ்சோவில் அது தோல்மேல் சும்மா நிக்குது, தந்தியின் அழுத்தம்தான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. தட்டினா நகரும், நகர்ந்தா மேலே போகப் போக எல்லா மெட்டும் தப்பாப் பேசும். பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை இலேசாத் தொட்டு மீட்டினா வர்ற மணியோசையும், அதே மெட்டை அழுத்தி மீட்டினா வர்ற ஒலியும் ஒண்ணா இருக்கான்னு பார்த்துக் குதிரையை நகர்த்தணும். இதை எந்தக் கிட்டார் வகுப்பும் சொல்லித் தராது.

தோலையும் கவனிக்கணும். பழைய பேஞ்சோக்களில் கன்றுத் தோல். ஈரக் காற்று பட்டா தளர்ந்து போகும். நம்ம ஊரில் பறையைத் தீயில் காட்டிச் சூடேத்தறாங்களே, அதே பிரச்சினை. 1950-களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் வந்த பிறகு அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் எவ்வளவு முறுக்கணும் என்பது காதுக்குத்தான் தெரியும். மிருதங்கம் வாசிக்கிற நண்பர்களுக்கு இது சுலபமா விளங்கும். கிட்டார்காரர்களே, அவங்ககிட்ட போய்க் கேளுங்க!

நம்ம ஊர்ப் பக்கத்துச் சாட்சி

“இதெல்லாம் வெளிநாட்டுக் கதை” என்பவர்களுக்கு நம்ம பக்கத்திலிருந்தே சாட்சி கொண்டு வரேன்.

முத்துசுவாமி தீட்சிதர் நம்ம காஞ்சியில் சில வருஷம் தங்கினவர். ஏகாம்பரநாதர் மேலும் காமாட்சி அம்மன் மேலும் கீர்த்தனைகள் செய்தவர். இது நமக்குப் பெருமை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) சென்னைப் பக்கத்து மணலியில் இருந்தப்போ, ஐரோப்பியர் ஒருத்தரிடம் சுமார் மூணு வருஷம் வயலின் கத்துக்கிட்டார். வீணைக் குடும்பத்துப் பிள்ளை, வெள்ளைக்கார வாத்தியம்! இன்னைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைச்சுப் பார்க்க முடியுமா?

அது எப்படி நடந்தது? நம்மவங்க வயலினை அவங்க மாதிரியே நின்னுக்கிட்டு, தாடைக்கடியில் வெச்சு வாசிக்கலை. தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, சுருதியையும் ஸ, ப, ஸ, ப என்று மாத்திக்கிட்டாங்க. அதே சமயம் வீணை மாதிரி மீட்டவும் இல்லை. வில் இருக்கே, அது பாடற குரல் மாதிரி நீளமா இழுக்கும் என்பதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பழைய ஞானத்தையும் விடலை, புது வாத்தியத்தின் சொந்தக் குணத்தையும் விடலை. இதுதான் ரகசியம்!

இன்னொரு சாட்சி, மேண்டலின் உ. ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்தவர். அப்பா கிளாரினெட் கலைஞர். வீட்டில் இருந்த மேண்டலினைச் சின்ன வயசிலேயே எடுத்துக்கிட்டார். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மேண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் கொண்டு வருவான்! 1978-ல் முதல் கச்சேரி, ஒன்பது வயசில். மேண்டலின் ஒலி சட்டுன்னு அடங்கிடும், கமகம் எப்படி வரும்னு சந்தேகப்பட்டவங்க இருந்தாங்க. அவர் இரட்டை இரட்டையா இருந்த தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதா ஒரு தந்தி சேர்த்து, மின்சார மேண்டலினில் ஒலியை நிற்க வைத்தார். 1998-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. 2014-ல் 45 வயசில் மறைஞ்சார். ஆனா மேண்டலின் என்று சொன்னா தமிழ்நாட்டில் இன்னைக்கும் அவர் பேர்தான் முதலில் வரும்.

பாருங்க, ஒலி சீக்கிரம் செத்துப் போற வாத்தியம் என்ற பேஞ்சோவின் அதே பிரச்சினைதான் அவருக்கும். அவர் அந்தப் பிரச்சினையோடு போராடினதால்தான் ஒரு புது வழி பிறந்தது. போராடாம இருந்திருந்தா அது வெறும் வேடிக்கையாப் போயிருக்கும்.

தெரிந்து கொள்வோம்!

வடநாட்டில் ‘பேஞ்சோ’ என்று சொன்னா பல பேர் நினைக்கிறது நம்ம புல்புல்தாராவை. டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் அழுத்தி வாசிப்பாங்களே, அது! அதன் மூதாதை ஜப்பானின் ‘தைஷோகோட்டோ’. 1912-ல் நகோயா ஊரில் மொரிட்டா கோரோ உருவாக்கியது. பேர் ஒண்ணு, வாத்தியம் வேற. குழப்பிக்காதீங்க!

தறி சொல்ற பாடம்

இதையெல்லாம் நமக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை. நம்ம வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்க! பருத்திச் சேலை நெய்து பழகின ஒருத்தர் பட்டுத் தறியில் வந்து உட்கார்ந்தா, அவர் ஒண்ணும் தெரியாதவர் இல்லை. காலுக்கு மிதி தெரியும், கைக்கு நாடா தெரியும், கண்ணுக்குப் பாவு தெரியும். ஆனா கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஆளுக்கொரு நாடா, ஆக மூணு நாடா. பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள். ஒற்றை நாடாப் பழக்கத்திலேயே ஓட்டினா கரை உடலோட சேருமா? சேராது. அதுக்காக “நீ பருத்திக்காரன், எழுந்து போ” என்று நம்ம தாத்தாக்கள் துரத்தினாங்களா? இல்லையே! பக்கத்தில் உட்கார வெச்சு, “இங்க இழை வேற, பார்த்து வா”ன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க.

துரத்தவும் கூடாது, அப்படியே விட்டுடவும் கூடாது. வாத்தியத்துக்கும் இதே நியாயம்தான்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு வாத்தியத்துக்கு ஃபீஸ் கட்டறதே எங்க மாதிரி வீடுகளில் பெரிய பாடு. இரண்டாவது வாத்தியத்துக்கு இன்னொரு வாத்தியார், இன்னொரு ஃபீஸ் யாரால முடியும்? கையில் இருக்கிற வித்தையை வெச்சுக்கிட்டு அடுத்த வாசல் தட்டறதுதான் எங்களுக்கு இருக்கிற வழி. “முறைப்படி பயின்ற வாத்தியம் மட்டும்” என்று பட்டியல் போட்டா, ஆர்வம் இருந்தும் வெளியே நிக்கிறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

என் கோரிக்கை

மரியாதைக்குரிய எங்கள் இசை ஆசிரியருக்கும், விழாக் குழுவுக்கும் பணிவோடு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

1. வாத்திய இசைப் பிரிவில் எந்த வாத்தியத்துக்கும் தடை வேண்டாம். ஆறு தந்தி பேஞ்சோவானாலும் சரி, புல்புல்தாராவானாலும் சரி, வாத்தியத்தின் பேரைப் பார்த்து யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

2. அதுக்குப் பதிலா ஒத்திகையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இதை உன் பழைய வாத்தியத்திலேயே வாசிச்சிருக்கலாமே, ஏன் இதில்?” பதிலை வாயால சொல்ல வேண்டாம், வாசிச்சுக் காட்டட்டும். கிட்டாரில் வராத ஒண்ணு, பேஞ்சோவில் மட்டுமே வர்ற ஒண்ணு, ஒரு நிமிஷம் போதும். அது வந்தா மேடை கொடுங்க. வரலைன்னா, “இன்னும் ஒரு மாசம் அதோட பழகிட்டு வா”ன்னு சொல்லுங்க. இந்தப் பரீட்சை என்னையும் சேர்த்து எல்லாருக்கும் பொது.

3. வாரத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அரை மணி நேரம் இசை அறையைத் திறந்து விடுங்க. மிருதங்கக்காரர் கிட்டாரைத் தொடட்டும், வீணை கத்துக்கிற தங்கச்சி பேஞ்சோவைத் தொடட்டும். யாருக்கும் மார்க் வேண்டாம். உடைக்காம பார்த்துக்கிறது எங்க பொறுப்பு!

நண்பர்களே, புது வாத்தியத்தைக் கையில் எடுத்தா, பழைய கை நமக்குக் கதவைத் திறந்து விடும். உள்ளே போய் அந்த வீட்டு வழக்கம் என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது நம்ம வேலை. கதவைத் திறந்ததுக்காக யாரையும் திட்டவும் வேண்டாம், வாசல்லயே நின்னுக்கிட்டு “வந்துட்டேன்”னு பெருமை பேசவும் வேண்டாம்.

உங்க கருத்து மாறுபட்டா தாராளமா எழுதுங்க. பக்கத்துப் பலகையில் இடம் காலியாத்தான் இருக்கு!



இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவன், ‘ஆ’ பிரிவு